வடக்கே தயாரிப்பு, தெற்கே உலா

சனிக்கிழமை மாலை சென்னையில் யாராவது "சும்மா ஒரு டிரைவ் போய்வரலாமா?" என்று கேட்டால், வண்டி எந்தப் பக்கம் திரும்பும் என்பதில் எவருக்கும் சந்தேகமில்லை. திருவான்மியூர், நீலாங்கரை, முட்டுக்காடு, மாமல்லபுரம். நடுவில் முதலைப் பண்ணை, படகுத்துறை, பழைய செட்டிநாட்டு வீடு, வறுத்த மீன். கடலை ஒட்டி வண்டியில் போவது, இயற்கையைப் பார்க்க நாலு இடத்தில் இறங்குவது, சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது: பட்டணம் தோன்றிய நாளிலிருந்தே இப்படித்தான் என்று தோன்றும். ஆனால் உல்லாசத்துக்காகக் கடலோரம் போகும் இந்த வழக்கத்துக்கு உலகத்திலேயே முந்நூறு வயதுகூட ஆகவில்லை. சென்னைக்கு அது வந்தபோது முதலில் போன திசையோ வடக்கு, எண்ணூர்ப் பக்கம். அங்கிருந்து அது தெற்கே இடம் மாறிய கதையில் ஒரு மருத்துவர், ஒரு பாதிரியார், ஒரு டயர் வியாபாரி, சில கவர்னர்கள், நிறைய மணல் எல்லாம் வருகிறார்கள்.

கடலை வேடிக்கை பார்ப்பது ஒருகாலத்தில் யாருக்கும் வேலையாக இருந்ததில்லை. மீனவருக்கு அது தொழிற்களம். மற்றவர்களுக்குப் புயல் வரும் வாசல். சென்னைக்கு வடக்கே, மீஞ்சூரையும் தாண்டி உள்ள பழவேற்காட்டில் 1610-ல் வந்திறங்கிய டச்சுக்காரர்களும் அழகைத் தேடி வரவில்லை. இந்தோனேசியத் தீவுகளில் மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க வேண்டுமானால் அங்கே செல்லுபடியாகும் சரக்கு சோழமண்டலக் கரையின் நூல் துணி. அதை வாங்க ஒரு கிடங்கு வேண்டும். சாந்தோமிலிருந்த போர்த்துகீசியர் அந்தக் கிடங்கைத் தாக்கி அழித்ததால், 1613-ல் கெல்ட்ரியா என்ற கோட்டையைக் கட்டிக்கொண்டார்கள். துணியோடு வெடிமருந்தும், அடிமைகளாக விற்கப்பட்ட ஆயிரக்கணக்கான மனிதர்களும் இந்தக் கரையிலிருந்து கப்பலேறினார்கள். ஏரியும் பறவைகளும் அன்றும் இருந்தன. அவற்றைப் பார்ப்பதற்கென்று வண்டி கட்டிக்கொண்டு வரும் பழக்கம்தான் இன்னும் பிறக்கவில்லை.

அதைப் பிறக்க வைத்தவர் ஓர் ஆங்கில மருத்துவர். ரிச்சர்ட் ரசல் என்பவர் 1750-ல் கடல்நீரின் மருத்துவ குணம் பற்றி லத்தீன் மொழியில் ஒரு நூல் எழுதினார். கடலில் குளித்தால் மட்டும் போதாது, கடல்நீரைக் குடிக்கவும் வேண்டும் என்பது அவர் வைத்தியம். பணக்கார நோயாளிகள் அவரைத் தேடி பிரைட்டன் என்ற மீனவ ஊருக்கு வந்தார்கள். குடித்த உப்புநீர் எத்தனை பேரைக் குணப்படுத்தியதோ, ஊர் மட்டும் செழித்தது. குளியலுக்கு அரைமணி நேரம் போதும். மிச்சமிருக்கும் பகல் முழுவதும் என்ன செய்வது? கடலோரம் நடந்தார்கள். நடக்க முடியாதவர்கள் குதிரை வண்டியில் போனார்கள். கடலோர உலா ஒரு மருந்துச் சீட்டின் பக்கவிளைவு.

ஆங்கிலேயர் குளிர்காலத்துக்கு, இன்று பிரான்சின் தென்கரையில் இருக்கும் நீஸுக்குப் போகத் தொடங்கியபோது வழக்கமும் கூடவே போனது. 1820-களின் தொடக்கத்தில் அங்கே கடும் குளிர் ஆரஞ்சு விளைச்சலைக் கருக்கியது. வேலையில்லாத ஏழைகள் தெருவுக்கு வந்தார்கள். அங்கே தங்கியிருந்த லூயிஸ் வே என்ற ஆங்கிலப் பாதிரியார் சும்மா தானம் கொடுப்பதைவிட வேலை கொடுக்கலாம் என்று பணம் திரட்டி, கடலை ஒட்டி ஒரு பாதை போடச் செய்தார். இரண்டு மீட்டர் அகலத்தில் பிறந்த அந்தப் பாதைதான் இன்றைய 'ஆங்கிலேயர் உலாச்சாலை'. உலகத்தின் புகழ்பெற்ற கடலோரச் சாலைகளில் ஒன்று, பஞ்ச நிவாரண வேலையாகத் தொடங்கியது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதே கதை சென்னையிலும் கலிபோர்னியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் திரும்ப வரப்போகிறது.

மதராஸ் வெள்ளைக்காரர்களுக்கும் மாலை உலா இருந்தது; ஆனால் அது கடலோரத்தில் நடக்கவில்லை. மவுண்ட் ரோட்டில் காரன்வாலிஸ் நினைவு மண்டபத்தைச் சுற்றி வண்டிகள் வட்டமடிக்கும். யார் வந்தார், யாரோடு வந்தார், என்ன உடுத்தியிருந்தார் என்று பார்ப்பதற்கான ஏற்பாடு அது. இயற்கை வேண்டும் என்றால் எண்ணூர். கடலுக்கும் கழிக்கும் நடுவே ஒடுங்கிய மணல்திட்டில் வீடு கட்டி வைத்திருந்தார்கள். படகு விடவும் மீன் பிடிக்கவும் காற்று வாங்கவும் போவார்கள்.

போவதற்கு வழி? மணலில் சக்கரம் புதையும். 1801-ஐ ஒட்டி பேசில் காக்ரேன் என்ற வணிகர் தன் செலவில் மதராஸிலிருந்து எண்ணூர் வரை கால்வாய் வெட்டத் தொடங்கி, 1806 வாக்கில் முடித்தார். அவர் கணக்கு உப்பும் விறகும் ஏற்றிச் செல்லும் படகுகளிடம் வசூலிக்கும் சுங்கம். சரக்குப் படகு போகும் தண்ணீரில் உல்லாசப் படகும் போகுமல்லவா? கால்வாய் பிறகு பழவேற்காடு ஏரி வரை நீண்டது. ஆக, மதராஸின் முதல் கடலோர உல்லாசப் பயணம் வடக்கே போனது, தண்ணீர்மேல் போனது, உப்புப் படகுகளின் தயவில் போனது.

எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது ஒரு கல். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் மதராஸ் துறைமுகத்துக்கு நாட்டிய அடிக்கல். அதுவரை இங்கே துறைமுகமே கிடையாது. கப்பல்கள் தொலைவில் நிற்க, மசூலாப் படகுகள் அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கரைசேர்க்கும். அலையைத் தடுக்க இரண்டு கல்கரங்களைக் கடலுக்குள் நீட்டினார்கள். 1881-ல் வந்த புயல் அவற்றை உடைத்தது, மறுபடி கட்டினார்கள். அலையைத்தான் தடுத்தார்கள். மணலும் சேர்ந்து நின்றுவிட்டது.

சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். குறுக்கே சுவர் வந்ததும் தென்பக்கம் குவிந்தது. ஒருகாலத்தில் கோட்டை மதிலுக்கருகே அடித்த அலை விலகிப் போனது. புதிதாக ஓர் அகன்ற கடற்கரை முளைத்தது. அப்போது கவர்னராக இருந்த கிராண்ட் டஃப், சிசிலித் தீவில் பார்த்த கடற்கரை நினைவில் 1884-ஐ ஒட்டி அங்கே ஓர் உலாச்சாலை அமைத்து, அந்த நினைவிலேயே மெரினா என்று பெயரும் வைத்தார். மவுண்ட் ரோட்டில் வட்டமடித்த வண்டிகளுக்குக் கடைசியில் கடல் கிடைத்தது.

தெற்கே சேர்ந்த மணல் வடக்குக்கு வரவேண்டிய மணல். அது வராமல் போகவே, ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் கரைகளை அலை தின்னத் தொடங்கியது. துறைமுகம் வந்த நூறாண்டுக்குள் ராயபுரம் பக்கம் அரை கிலோமீட்டர் அளவுக்குக் கரை போனதாக மதிப்பிடுகிறார்கள். குப்பங்கள் பின்வாங்கின, சாலை அரித்தது, பாறைகளைக் கொட்டினார்கள், பிறகு தூண்டில் வளைவுகள் போட்டார்கள். மெரினாவையும் ராயபுரத்துக் கல்சுவரையும் தனித்தனியாகப் பார்த்தால் ஒன்று அதிர்ஷ்டம், மற்றது துரதிர்ஷ்டம். சேர்த்துப் பார்த்தால் ஒரே கணக்கின் வரவும் செலவும்.

துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டிய அதே பத்தாண்டில் இன்னொரு சோகம். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். நிவாரண வேலையாகக் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே எட்டு கிலோமீட்டர் கால்வாய் வெட்டி வடக்குக் கால்வாயையும் தெற்குக் கால்வாயையும் இணைத்தார்கள். கவர்னர் பெயரால் அது பக்கிங்காம் கால்வாய் ஆனது. நீஸில் ஆரஞ்சு கருகியதால் சாலை. இங்கே பயிர் கருகியதால் கால்வாய். வடக்கே மட்டும் போய்க்கொண்டிருந்த படகுகள் இனி தெற்கேயும் போகலாம்.

இதற்கிடையில் அமெரிக்காவில் இந்த உலாவுக்கு ஒரு முக்கியமான உறுப்பு முளைத்தது. கலிபோர்னியாவில் ரயில் முதலாளிகள் 1880-ல் டெல் மான்ட்டே என்ற ஆடம்பர ஹோட்டலைத் திறந்தார்கள். ரயிலில் வந்து இறங்கும் விருந்தினரை எப்படிப் பொழுதுபோக்க வைப்பது? மறு ஆண்டே 'பதினேழு மைல் உலா' தயார். குதிரை வண்டியில் ஏற்றி, கடல் பாறை, சைப்ரஸ் மரம், கடல்நாய்கள் என்று வரிசையாக நிறுத்திக் காட்டிவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். இன்றும் அந்தச் சாலைக்குள் காரோடு நுழையக் காசு கொடுக்க வேண்டும். வழியில் என்ன பார்க்கலாம் என்று நிறுத்தங்களைப் பட்டியலிடும் இன்றைய எல்லாச் சுற்றுலாக் கையேடுகளுக்கும் முன்னோடிகளில் ஒன்று, அறைகளை நிரப்ப நினைத்த ஒரு ஹோட்டல்காரரின் யோசனை.

அடுத்த கெட்டிக்காரர்கள் பிரான்சின் மிஷ்லின் சகோதரர்கள். 1900-ல் அந்த நாட்டில் இருந்த கார்கள் சில ஆயிரத்தைத் தாண்டாது. கார் ஓடினால்தானே டயர் தேயும். தேய்ந்தால்தானே புதிது விற்கும்? எங்கே தங்கலாம், எங்கே பெட்ரோல் கிடைக்கும் என்று சொல்லும் கையேட்டை அச்சடித்து இலவசமாகக் கொடுத்தார்கள். ஊர்சுற்றும் ஆசையை ஊட்டி ரப்பர் விற்றார்கள். உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் வழக்கம் அதன்பிறகு வந்தது.

ஆஸ்திரேலியாவில் முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சுமார் 3,000 வீரர்களுக்கு வேலை வேண்டும். இறந்தவர்களுக்கு நினைவுச் சின்னமும் வேண்டும். 1919-ல் தொடங்கி 1932-ல் முடித்த 'பெருங்கடல் சாலை' இரண்டுக்கும் ஒரே பதில். கலிபோர்னியாவின் பிக் சர் மலையோரச் சாலையை 1937-ல் திறந்தார்கள். அதில் மண்வெட்டியவர்களில் சிறைக் கைதிகளும் உண்டு. பட்டினி கிடந்தவர், போரில் களைத்தவர், சிறைப்பட்டவர் என்று யார் யாரோ போட்ட சாலைகளில்தான் உலகம் உல்லாசமாகப் போகிறது.

மதராஸுக்குக் கார் வந்த கதையும் துறைமுகத்தைத் தொட்டுத்தான் வருகிறது. இங்கே முதலில் பதிவான எம்.சி.-1 என்ற எண் துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் காருக்கு என்று சென்னை வரலாற்றாளர்கள் சொல்கிறார்கள். கணித மேதை ராமானுஜன் குமாஸ்தாவாக வேலை பார்த்தது இதே ஸ்பிரிங்கின் அலுவலகத்தில்தான். எம்.சி.-3 கட்டட ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியுடையது. நகரில் கார் வைத்திருந்த முதல் இந்தியர் அவர்.

இனி வருவதுதான் கதையின் பெரிய வேடிக்கை. ஒரு நல்ல டிரைவுக்கு என்னென்ன வேண்டும்? வண்டி, டயர், பெட்ரோல். மூன்றும் வடசென்னையில் விளைந்தன.

1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் மாம்மன் மாப்பிள்ளை என்ற இளைஞர் பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார். பையில் போட்டுக்கொண்டு தானே தெருத்தெருவாக விற்றார். பலூனிலிருந்து, தேய்ந்த டயருக்கு ஒட்டும் ரப்பர். அதிலிருந்து 1961-ல் டயர். அதுதான் எம்.ஆர்.எஃப். அதே திருவொற்றியூரில் 1955-ல் என்ஃபீல்டு தொழிற்சாலை வந்தது. எல்லைக் காவலுக்கு உறுதியான வண்டி தேடிய இந்திய ராணுவம் இங்கிலாந்தின் புல்லட் 350-ஐத் தேர்ந்தெடுத்ததால் வந்த வாய்ப்பு. முதலில் கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டினார்கள். சில ஆண்டுகளில் முழுவதையும் இங்கேயே செய்தார்கள். 1970 வாக்கில் இங்கிலாந்தில் தாய் நிறுவனம் மூடிப்போனது. நகல் பிழைத்துக்கொண்டது, 1977-ல் திருவொற்றியூர் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது.

எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ், ஆஸ்டின் கார்களைப் பூட்டித் தந்து, 1955-ல் லேலண்டோடு சேர்ந்து லாரிக்கும் பேருந்துக்கும் மாறியது. மணலியில் 1969-ல் சுத்திகரிப்பு ஆலை எண்ணெய் வடிக்கத் தொடங்கியது. புல்லட்டில் மாமல்லபுரம் போகும் எந்த இளைஞரின் பயணத்திலும் வடசென்னை மூன்று இடங்களில் உட்கார்ந்திருக்கிறது. அவர் அதைப் பார்க்க மட்டும் வருவதில்லை.

ஏனென்றால் தெற்கே பதினேழு மைல் உலாவின் சூத்திரம் தன்னையறியாமல் தயாராகிக்கொண்டிருந்தது. 1976-ல் ராமுலஸ் விட்டேக்கர் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை தொடங்கினார். 1984-ல் மாமல்லபுரம் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அதே பத்தாண்டில் முட்டுக்காட்டுக் கழியில் அரசு படகுத்துறை வந்தது. 1996-ல் பழைய தென்னிந்திய வீடுகளைக் காட்டும் தட்சிணசித்ரா. நிறுத்தங்கள் எல்லாம் தயார். அவற்றைக் கோக்கும் கயிறு 1990-களின் கடைசியில் வந்தது. மீனவக் குப்பங்களை இணைத்த பழைய துண்டுச் சாலைகளைச் சேர்த்து அகலப்படுத்திய கிழக்குக் கடற்கரைச் சாலை. கொஞ்ச நாளில் சுங்கச்சாவடியும் வந்தது. காக்ரேனின் ஆவி மகிழ்ந்திருக்கும்.

வடக்கே அதே காலத்தில் நடந்தது வேறு. எண்ணூரிலும் அத்திப்பட்டிலும் அனல்மின் நிலையங்கள். சாம்பல் கொசஸ்தலை ஆற்றிலும் கழியிலும் படிந்தது. 2001-ல் அந்த நிலையங்களுக்கு நிலக்கரி இறக்க எண்ணூர்த் துறைமுகம் திறந்தது. இன்று காமராஜர் துறைமுகம். 2010 முதல் அதே துறைமுகத்திலிருந்து ஆயிரக்கணக்கில் புதுக் கார்கள் கப்பலேறி வெளிநாடு போகின்றன. எங்கோ ஒரு நாட்டின் கடலோரச் சாலையில் யாரோ ஓட்டும் கார், அந்த நாட்டுக் கடலுக்கு முன்னால் எண்ணூர்க் கடலைப் பார்த்திருக்கலாம்.

மீஞ்சூருக்குக் கடல் வந்த விதம் இன்னும் விசித்திரம். ஊர் கரையிலிருந்து தள்ளித்தான் இருக்கிறது. ஆனால் 1960-களில் நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்குமாக இந்த வட்டாரத்து ஆழ்குழாய்க் கிணறுகளிலிருந்து நன்னீரை இறைத்து இறைத்து, அந்த இடத்தைப் பிடிக்கக் கடல்நீர் மண்ணுக்கடியில் நகர்ந்து வந்தது. அப்பத்தாண்டின் இறுதியிலேயே கிணற்று நீர் உப்பானதைக் கண்டுபிடித்தார்கள். 2010-ல் காட்டுப்பள்ளியில் திறந்த, மீஞ்சூர் பெயர்கொண்ட கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் திறன் கொண்டது. கடல்நீர் குடிக்கச் சொன்ன ரிச்சர்ட் ரசலின் வைத்தியத்தை, உப்பை மட்டும் எடுத்துவிட்டு, சென்னை இப்படிப் பின்பற்றுகிறது.

இப்போது சாலைகள் கதையை மறுபடி வடக்கே இழுக்கின்றன. வண்டலூரில் தொடங்கும் 62 கி.மீ. வெளிவட்டச் சாலை மீஞ்சூரில் முடிகிறது. எண்ணூர்த் துறைமுகத்தையும் மாமல்லபுரம் அருகே பூஞ்சேரியையும் இணைக்கும் சுமார் 133 கி.மீ. எல்லைச் சாலையின் பணி நடக்கிறது. சரக்கு லாரிக்காகப் போடுகிறார்கள். காக்ரேனும் சரக்குக்காகத்தான் வெட்டினார். பின்னாலேயே யார் வந்தார்கள் என்று பார்த்தோம்.

ஆகவே மீஞ்சூரிலிருந்து வடக்கே ஓட்டிப் பாருங்கள். ஊரிலேயே ஏகாம்பரநாதரும் வரதராஜப் பெருமாளும் இருப்பதால் வட காஞ்சி என்பார்கள்; முதல் நிறுத்தம் அது. அடுத்து ஆரணி ஆற்றங்கரைப் பொன்னேரி. அகத்தீஸ்வரரும் கரிகிருஷ்ணப் பெருமாளும் சித்திரைத் திருவிழாவில் தெருவில் சந்தித்துக்கொள்ளும் ஊர். வயல்களுக்கு நடுவே திருப்பாலைவனம் பாலீஸ்வரர். பிறகு பழவேற்காடு. எலும்புக்கூடுகள் செதுக்கிய வாயில் கொண்ட டச்சுக் கல்லறைத் தோட்டம், ஆதிநாராயணப் பெருமாள் கோயிலில் விரலளவு ராமாயணச் சிற்பங்கள், சின்னப் பள்ளிவாசலில் சூரியக் கடிகாரம், போர்த்துகீசியர் காலத்து மகிமை மாதா கோயில். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி ஏரியில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை பூநாரைகள். கார் இல்லாதவர்கள் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் பொன்னேரியில் இறங்கிப் பேருந்து பிடிக்கலாம். காட்டுப்பள்ளி வழியாகவும் ஒரு கரையோரச் சாலை உண்டு. புயல் காலத்தில் கடல் ஏறி மணலால் மூடிவிடும், விசாரித்துவிட்டுப் போங்கள்.

இரண்டு வேண்டுகோள்கள். ஏரியில் படகுச் சவாரி கேட்காதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் நாளில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தடை அதன்பிறகு வந்தது. வாங்குவதாக இருந்தால் கரையில் இறாலும் நண்டும், ஊர்ப் பெண்கள் பின்னும் பனையோலைப் பெட்டியும் வாங்குங்கள். எந்தக் குப்பம் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்று 'பாடு' முறையில் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டு இந்த ஏரியைக் காத்து வந்தவர்கள் இங்குள்ள மீனவர்கள்.

அந்த மீனவர்கள்தான் காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கும் திட்டத்தை எதிர்க்கிறார்கள். அவர்கள் கேட்பதைப் புரிந்துகொள்ள மெரினாவையும் ராயபுரத்தையும் பார்த்தவர்களுக்குச் சிரமம் இருக்காது. கடலில் கல் போட்டால் ஒரு கரைக்கு மணல் சேரும், இன்னொரு கரைக்குக் குறையும். எந்தக் கரைக்கு என்று போடுமுன் கேட்பதே முறை. 1875-ல் கேட்கவில்லை, இப்போதாவது கேட்க வேண்டும்.